பாடச் சொன்னார்கள், பேசச் சொல்லவில்லை

பள்ளிக்கூடங்களில் சேர்க்கை நீக்கல் பதிவேடு என்று ஒரு தடித்த நோட்டு இருக்கும். பிள்ளை சேர்ந்த தேதி ஒரு கட்டம், போன தேதி ஒரு கட்டம், போன காரணம் கடைசிக் கட்டம். 35 வருடம் அந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். பையன்களுக்கு எழுதுகிற காரணங்கள் பலவிதம்: மேல்படிப்பு, அப்பாவுக்கு மாற்றல், குடும்பம் திருப்பூர் போய்விட்டது. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ‘தொடர்ந்து வராததால்’. வயதுக்கு வந்துவிட்டதால் என்று எழுதுவது வழக்கம் இல்லை. அதனால் அப்படி எழுதுவோம்.

1988-ல் மணமேல்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். ஏழாம் வகுப்பில் மழை நாள் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாரும் மழை உழவருக்கு நன்மை தரும், ஏரி குளம் நிரம்பும் என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதையே திருப்பி எழுதியிருந்தார்கள். ஒரு முஸ்லிம் பிள்ளை மட்டும் தன் வீட்டு ஓட்டில் எங்கெங்கே ஒழுகும், எந்த ஒழுக்குக்கு எந்தப் பாத்திரம் வைப்பார்கள், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சத்தம் எப்படி மாறும், விளக்கில்லாத இருட்டில் அவள் உம்மா சத்தத்தை வைத்தே எந்தப் பாத்திரம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிடுவார் என்று எழுதியிருந்தது. 12 வயது. நான் அதுவரை எழுதிய கட்டுரைகள் எதிலும் அப்படி ஒரு வரி கிடையாது. அந்த நோட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த வகுப்புக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அந்தப் பிள்ளை வரவில்லை. வீட்டுக்குப் போனேன். பாட்டியம்மா மரியாதையாகப் பாய் போட்டு டீ கொடுத்தார். “பெரிய மனுசி ஆயிட்டா டீச்சர். இனிமே அவளுக்கு எதுக்கு பள்ளிக்கூடம்?” என்றார். உள் அறை வாசலில் தொங்கிய சேலைத் திரைக்குப் பின்னால் இரண்டு பாதங்கள் தெரிந்தன. நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ‘தொடர்ந்து வராததால்’ என்று எழுதியது என் பேனாதான். அதே வருடம் இன்னும் நான்கு பெண் பிள்ளைகள் பேரை அடித்தேன். அந்த நான்கு பேரும் இந்துக்கள். ஒருத்திக்கு மாமன் காத்திருந்தான். ஒரு வீட்டில் வயசுக்கு வந்த பிள்ளை சாமி இருக்கும் தெரு வழியாக மாதம் முழுக்க நடந்து போகக் கூடாது என்றார்கள். பள்ளிக்கு வேறு வழி கிடையாது.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறாள், ஒரு கேள்வி கேட்டாள். “டீச்சர், பெண்களோட கற்பனையையும் சொந்தமா யோசிக்கிறதையும் மதம்தான் நசுக்குதா?” அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவள், வரலாற்று ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்து வேலை பார்த்ததில், அந்தக் கேள்விக்கு நம் மண்ணிலேயே நிறைய சாட்சி கிடக்கிறது என்று தோன்றியது. அதைத்தான் எழுதுகிறேன். திட்ட நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டுத் திட்டலாம்.

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. மதம் என்றாலே பெண்ணுக்கு விலங்குதான் என்பார் ஒருவர். ஆண்டாள் பாடவில்லையா, காரைக்கால் அம்மையார் பாடவில்லையா, கீழக்கரை ஆசியா உம்மா ஞானப்பாடல் பாடவில்லையா, நபிகளின் மனைவி கதீஜா நாயகி வணிகம் செய்யவில்லையா என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் படைப்பையும் சொந்த யோசனையையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். பிரித்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. மதம் பல இடங்களில் பெண்ணைப் பாட விட்டிருக்கிறது, ஆட விட்டிருக்கிறது, அதற்காகக் கும்பிடவும் செய்திருக்கிறது. தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கிற சபையில் அவளுக்கு இடம் கொடுத்தது மிகக் குறைவு. மார்கழி முழுவதும் ஆண்டாள் பாசுரம் கேட்கிறோம். பெருமாள் கோயில் கோஷ்டியில் நின்று அதைச் சேவிப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். வழக்கப்படி ஆண்கள்தான்.

இதற்கு நம் புதுக்கோட்டையை விட நல்ல சாட்சி இல்லை. 1886-ல் இங்கே முத்துலட்சுமி பிறந்தார். அப்பா நாராயணசாமி அய்யர் கல்வித்துறையில் இருந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபுக் குடும்பத்தில் வந்தவர். அந்த மரபை யோசித்துப் பாருங்கள். மற்ற வீட்டுப் பெண்களுக்கு எழுத்தே தெரியாத காலத்தில் அந்தப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியும். தெலுங்குப் பதமும் தமிழ்ப் பதமும் தெரியும். தாளம், அபிநயம், ராகம் எல்லாம் தெரியும். கோயில்தான் சொல்லிக் கொடுத்தது, கோயில்தான் மானியம் கொடுத்தது. இன்று பரதநாட்டியம் என்று மேடையில் ஆடுகிறார்களே, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் அவர்கள். படைப்பு என்று எடுத்துக்கொண்டால் மதம் அவர்களுக்கு அள்ளிக் கொடுத்தது. ஆனால் பொட்டு கட்டிக்கொள்ளலாமா வேண்டாமா என்று அந்தச் சிறுமியைக் கேட்கவில்லை.

முத்துலட்சுமிக்கும் என் பதிவேட்டுப் பிள்ளைகளுக்கும் நடந்ததுதான் முதலில் நடந்தது. வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றது. அப்பா வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார், தனித்தேர்வராக எழுதித் தேறினார். 1904-ல் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு வந்தது. பெண் வந்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்பது ஒன்று, இந்தக் குடும்பத்துப் பெண்ணா என்பது இன்னொன்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் டாக்டர். பிற்காலத்தில் 1930-ல் ஔவை இல்லம், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இந்தக் கதை புதுக்கோட்டைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், ராணியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் கூட அந்தப் பேரைக் கேட்டிருப்பார்கள். நான் சொல்ல வருவது அதற்கு நடுவில் நடந்தது.

1927-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். பிறகு சட்ட முன்வரைவும் கொண்டுவந்தார். எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. அவரும் நம் ஊர்க்காரர்தான். முத்துலட்சுமிக்கு அடுத்த வருடம், 1887-ல், திருமயத்தில் பிறந்தவர். அவரும் மகாராஜா கல்லூரி மாணவர். பெரிய தேசபக்தர், சிறை சென்றவர், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பேர்தான் வைத்திருக்கிறார்கள். அவர் வாதம் என்ன? தேவதாசி முறை போனால் மதமும் கலையும் போய்விடும் என்பதுதான். ஒரே சமஸ்தானம், ஒரே கல்லூரி, ஒரு வயது வித்தியாசம். ஒருவர் கலையைப் பார்த்தார், இன்னொருவர் அந்தக் கலைக்குள் இருந்த பெண்ணைப் பார்த்தார். அந்த வீட்டில் பிறந்தவருக்குத்தான் அது தெரிந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருபக்கம் பேசியதாகிவிடும். தேவதாசிப் பெண்களில் பலரே சங்கம் கூடி அந்தச் சட்டத்தை எதிர்த்து மனு கொடுத்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்களுக்காக முடிவெடுக்கிறீர்கள் என்ற ஆத்திரம் அதில் இருந்தது. அதுவும் ஒரு சொந்த யோசனைதானே? இன்னொரு பக்கம் அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிக்கத்தான் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1936-ல் ‘தாசிகள் மோசவலை’ என்று ஒரு நாவலே எழுதினார். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறதே, அந்தத் திட்டத்துக்கு அவர் பேர்தான். சட்டம் ஒருவழியாக 1947-ல் வந்தது.

அந்த மரபில் எனக்கு மிகவும் பிடித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் ராதையைப் பற்றித் தெலுங்கில் ஒரு காவியம் எழுதியிருந்தார். பின்னால் வந்த பதிப்பில் வெட்டுகள் இருப்பதைக் கண்டுபிடித்து, சுவடி தேடி, 1910-ல் முழுதாக அச்சிட்டார் நாகரத்தினம்மாள். அடுத்த வருடமே ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசு பறிமுதல் செய்தது. கடவுளைப் பற்றிய காவியம்தான். ஆனால் ராதை தனக்கு என்ன வேண்டும் என்று அதில் வெளிப்படையாகச் சொல்கிறாள். முத்துப்பழனியை ஒழுக்கம் கெட்டவர் என்று முன்பே எழுதியவர் யார் என்று பார்த்தால் வீரேசலிங்கம் பந்துலு, விதவை மறுமணத்துக்குப் போராடிய சீர்திருத்தவாதி! பெண்ணின் வாயை மூடுவதில் மடாதிபதியும் சீர்திருத்தவாதியும் சர்க்காரும் சேர்ந்துகொண்ட விசேஷம் அது. தடை நீங்க 1947 ஆயிற்று.

அதே நாகரத்தினம்மாள்தான் தன் சொத்தை விற்றுத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் கட்டினார். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது. தான் கட்டிய கோயிலில் தனக்கே பாட உரிமை இல்லை. அவர் மதத்தை விட்டுப் போகவில்லை, தியாகராஜரையும் விடவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமாதியின் பின்பக்கம் தனியாக ஓர் ஆராதனை நடத்தினார். பல வருடம் நடந்தது. 1940 வாக்கில் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். இன்று டிவியில் பஞ்சரத்தினக் கீர்த்தனை பார்க்கும்போது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாடுகிறார்களே, அந்த வரிசைக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது. இந்தப் ‘பின்பக்க ஆராதனை’யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

முஸ்லிம் வீடுகளுக்கு வருவோம். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் என்று ஒருவர். மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகி, சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். 1938-ல் ‘காதலா? கடமையா?’ என்று நாவல் வெளியிட்டார். உ.வே.சாமிநாதையரிடம் மதிப்புரை வாங்கியிருக்கிறார். மூன்றாம் வகுப்போடு நின்ற பெண் எழுதிய நாவலுக்குத் தமிழ்த் தாத்தா மதிப்புரை! என் பதிவேட்டில் மூன்றாம் வகுப்போடு பேர் அடித்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அதில் எத்தனை நாவல் இருந்ததோ.

அங்கிருந்து ஐம்பது அறுபது வருடம் தாண்டி நம் எல்லைக்கு வந்தால் துவரங்குறிச்சி. திருச்சி மாவட்டம்தான், ஆனால் பொன்னமராவதிக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர். 1968-ல் பிறந்த ரொக்கையா என்ற பெண்ணுக்கு 13 வயதில் பள்ளி நின்றது. அவர்தான் பிறகு கவிஞர் சல்மா. வீட்டுக்குள்ளேயே இருந்தவருக்கு மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதம்தான் படிக்கக் கிடைத்தது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு எழுதியதை ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. ராத்திரியில் கழிப்பறைக்குள் நின்று எழுதியிருக்கிறார். கவிதைகளை வெளியே அனுப்பியது அம்மா வழியாக. வீட்டை விட்டு வெளியே விடாத அதே அம்மாதான் கவிதையை வெளியே கொண்டுபோனார். இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பூட்டினவரும் அவரே, ஜன்னலைத் திறந்தவரும் அவரே. நம் வீடுகளில் வழக்கம் என்பது இப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வில்லன் என்று ஒருவரைக் கைகாட்டவே முடியாது.

புனைபெயரில் 2000-ல் முதல் தொகுப்பு வந்தது. 2001 உள்ளாட்சித் தேர்தலில் அந்த இடம் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அரசியலில் இருந்த கணவர் மனைவியை நிறுத்த வேண்டியதாயிற்று. பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவரானார் சல்மா. 2004-ல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் வந்தது. 2025-ல் மாநிலங்களவை உறுப்பினர். நன்றாகக் கவனியுங்கள், கவிதை அவரை வாசலுக்கு வெளியே கொண்டுவரவில்லை. கவிதை பல வருடம் உள்ளேயே இருந்தது. வெளியே கொண்டுவந்தது டெல்லியில் போட்ட ஓர் அரசியல் சட்டத் திருத்தம், மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற விதி. முத்துலட்சுமிக்கு மன்னரின் கையெழுத்து, சல்மாவுக்கு இட ஒதுக்கீடு. திறமை இரண்டு பேரிடமும் முன்பே இருந்தது. கதவு வெளியிலிருந்து திறந்தது.

எங்கள் மாவட்டத்திலும் அப்படி ஒரு கதவு திறந்ததை நான் கண்ணால் பார்த்தேன். 1991, 92 அறிவொளிக் காலம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளிக்குப் படிக்க வருகிற பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லட்சம் பேருக்கு மேல் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பற்றி எழுதியது உலகம் முழுவதும் போயிற்று. முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு அன்றைக்கு ஊரெல்லாம் கேட்கும். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஓட்டினார்கள். பிறகு அதுதான் வசதி என்றார்கள், முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். நானும் 33 வயதில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் கற்றேன். முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

முஸ்லிம் பெண்களும் ஓட்டினார்கள். தலையில் முக்காடோடு ஒரு குடம் தண்ணீரைப் பின்னால் கட்டிக்கொண்டு போவார்கள். ரோட்டோரம் நின்று அசிங்கமாகப் பேசிய ஆட்களும் உண்டு. ஆனால் மாவட்டமே ஓட்டும்போது ஒருத்தியை மட்டும் தடுப்பது கஷ்டம். அந்தச் சைக்கிளால் யாரும் கவிஞராகவில்லை. பஸ்ஸுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருக்க வேண்டாம் என்று ஆயிற்று, அவ்வளவுதான். ஆனால் எங்கே போகலாம், எப்போது திரும்பலாம் என்று ஒரு பெண் தனக்குள் கணக்குப் போட ஆரம்பித்தால் அதற்குப் பேர் சொந்த யோசனை இல்லையா? குர்ஆன் அன்றும் அதேதான், கீதை அன்றும் அதேதான். ஆறு மாதத்தில் தெரு மாறிவிட்டது. வேதத்தில் இருப்பது எது, தெருவில் இருப்பது எது என்று பிரித்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சைக்கிள்தான்.

இனி ஷரீபா கானம். புதுக்கோட்டை டவுனில் ‘ஸ்டெப்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கியவர். 1988-ல் பாட்னாவில் நடந்த ஒரு பெண்கள் மாநாட்டுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனவர், மற்ற பெண்கள் சொன்ன கஷ்டங்களைத் தன் வாயால் இன்னொரு மொழியில் சொல்லிச் சொல்லி வேறு ஆளாகத் திரும்பி வந்தவர். ஊருக்கு வந்து பார்த்தால் அவரிடம் வருகிற முஸ்லிம் பெண்களின் வழக்கு எல்லாம் ஜமாஅத்தில் போய் நிற்கிறது. தலாக், வரதட்சணை, ஜீவனாம்சம். ஜமாஅத் பள்ளிவாசலில் கூடும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். யாருடைய கல்யாணம் முறிகிறதோ அந்தப் பெண் உள்ளே வந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியாது. அப்பாவோ அண்ணனோ போய்ச் சொல்வார். அவர் மறந்ததும் சொல்லக் கூச்சப்பட்டதும் சபைக்குத் தெரியாமலே போகும்.

ஷரீபா செய்தது நாகரத்தினம்மாள் செய்ததேதான். பின்பக்க ஆராதனை. பெண்களுக்கென்று ஒரு ஜமாஅத் வைத்தார், தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத். பெண்களே கூடி வழக்கைக் கேட்பது, கணவனையும் வீட்டாரையும் கூப்பிட்டு விசாரிப்பது, போலீஸ் ஸ்டேஷன் போகவேண்டுமானால் கூட்டமாகப் போவது. தீபா தன்ராஜ் 2011-ல் எடுத்த ஆவணப்படத்தில் அந்தக் கூட்டங்களைப் பார்க்கலாம். எழுத்தறிவு குறைந்த பெண்கள் ஷரீஅத்தைப் பற்றி வாதம் பண்ணுகிறார்கள், என் கணவன் சொன்ன தலாக்கில் இந்த முறை பின்பற்றப்படவில்லை என்று எடுத்துக் காட்டுகிறார்கள். பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் கட்டப்போகிறோம் என்று 2004 வாக்கில் அறிவித்தபோது டெல்லிப் பத்திரிகைகள் வரை பேசின. ஊரில் வசவும் மிரட்டலும் வந்தன. மதத்தைக் கெடுக்கிறாள் என்றார்கள். எனக்கு அது விளங்கவே இல்லை. மதம் வேண்டாம் என்கிறவள் எதற்குப் பள்ளிவாசல் கேட்கப் போகிறாள்?

ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பு சொன்னபோது டிவியில் ஒரு பக்கம் வெற்றி, ஒரு பக்கம் கண்டனம். இரண்டு பக்கமும் பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. புதுக்கோட்டையில் அதற்கும் பல வருடம் முன்பே ஒரு கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து இதே விஷயத்தைப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இது நம் நாட்டு மதங்களின் குணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் உட்டா என்ற பகுதியை மார்மன் சபையார்தான் குடியேறி உருவாக்கினார்கள். பலதார மணம் இருந்த சபை. அடிமைகள் போலப் பெண்களை வைத்திருப்பார்கள் என்று வெளியில் பேச்சு. ஆனால் அங்கே 1870-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்துவிட்டார்கள். அமெரிக்கா முழுவதற்கும் வர அதற்குப் பின் 50 வருடம் ஆயிற்று. அந்தப் பெண்கள் 1872 முதல் தாங்களே ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். பலதார மணத்தை ஒழிக்கிறோம் என்று 1887-ல் சட்டம் போட்ட அமெரிக்க நாடாளுமன்றம் அந்தப் பெண்களின் ஓட்டையும் சேர்த்துப் பிடுங்கியது. திரும்பக் கிடைத்தது 1896-ல். இதையும் கேளுங்கள். அதே சபை 1979-ல், பெண்ணுக்குச் சம உரிமை என்று அரசியல் சட்டத்தில் எழுதவேண்டும் என்று பேசிய சோனியா ஜான்சனைச் சபையை விட்டு விலக்கியது. 1993-ல் எழுத்தாளர்கள், அறிஞர்கள் ஆறு பேர்மீது ஒரே மாதத்தில் நடவடிக்கை, அதில் பெண்களும் உண்டு. இதற்கு நடுவே 1991-ல் அதே சபையைச் சேர்ந்த லாரல் உல்ரிச் என்ற வரலாற்றாசிரியர் ஒரு மருத்துவச்சியின் நாட்குறிப்பை வைத்து எழுதிய நூலுக்குப் புலிட்சர் பரிசு வாங்கினார். எழுதலாம், பரிசு வாங்கலாம், சங்கம் நடத்தலாம். குருத்துவம் மட்டும் இன்றுவரை ஆண்களுக்குத்தான். சபையின் முடிவைக் கேள்வி கேட்கும்போதுதான் கதவு சாத்துகிறது. திருவையாறும் அதேதான், நம் ஜமாஅத்தும் அதேதான், நம் ஊர்க் கோயில் பரிவட்டமும் அதேதான்.

ஆகவே என் மாணவிக்கு என் பதில் இது. கற்பனையை மதம் அவ்வளவு எளிதாக நசுக்க முடியவில்லை, அது மழை ஒழுக்குப் போல எங்கேயாவது வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. நசுங்குவது முடிவெடுக்கிற பழக்கம். அதைச் செய்வது பெரும்பாலும் பதின்மூன்று வயதில், பள்ளியை நிறுத்துவதில் தொடங்குகிறது. அதில் மதத்தின் பேரைச் சொல்கிற பாட்டி உண்டு, ஜாதியின் பேரைச் சொல்கிற மாமன் உண்டு, ஒன்றும் சொல்லாமல் பதிவேட்டில் எழுதுகிற டீச்சரும் உண்டு. சல்மாவையும் முத்துலட்சுமியையும் காட்டி, பார்த்தீர்களா நசுக்கவில்லை என்று வாதிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தப்பித்தவர்களை எண்ணி ஜெயில் இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டு வருடம் முன்பு அறந்தாங்கியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் கை கழுவும் இடத்தில் ஒரு அம்மாள் வந்து, “டீச்சர், என்னத் தெரியுதா?” என்றாள். முகம் பிடிபடவில்லை. கையில் பேரப்பிள்ளை. “மழைக் கட்டுரை, டீச்சர்” என்றாள்.

மகள் நர்சிங் முடித்துவிட்டு வேலை பார்க்கிறாளாம், இளையவள் பி.எட். படிக்கிறாளாம். “நான் நிறுத்தல டீச்சர். யாரு சொல்லியும் கேக்கல” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “அந்த நோட்டு இருக்கா டீச்சர்?” என்று கேட்டாள்.

1996-ல் எனக்கு மாற்றல் வந்தபோது பழைய நோட்டுகளை எல்லாம் கட்டிப் பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. “தேடிப் பாக்குறேன்மா” என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, “இப்ப காங்கிரீட் வீடு டீச்சர், ஒழுகாது” என்றாள்.

“இப்ப எழுதுறியா?” என்று கேட்டேன்.

“எங்க டீச்சர். பிள்ளைக தூங்குன பொறவு சில நாளு போன்ல தட்டுவேன். காலைல அழிச்சிடுவேன்.”

என் நம்பரைக் கொடுத்து, அழிப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பு என்றேன். பதிந்துகொண்டாள். இதுவரை ஒன்றும் வரவில்லை.